கை ஆடினால் காலைப் பாருங்கள்

துப்பாக்கி சுடும் விளையாட்டில் களைப்பு என்னவெல்லாம் செய்யும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கே: ஓட்டமில்லை, தாவலில்லை. நின்ற இடத்தில் நின்று சுடுகிறார்கள். இதில் எங்கிருந்து வருகிறது களைப்பு?
– கல்லூரி மாணவர், திருச்சி

ப: நின்ற இடத்தில் நிற்பதிலிருந்துதான் வருகிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை எடை இருக்கலாம். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டு. அதற்கு முன்பு தயாராகவும் பழகிச் சுடவும் 15 நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரம் கனத்த உடுப்போடு, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்து, ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். பிஸ்டல்காரருக்கு எடை குறைவு, ஆனால் தாங்குவது ஒற்றைக் கை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் தோள் கெஞ்சும். ஓடுகிறவர் களைத்தால் வேகம் குறையும், ஊருக்கே தெரியும். சுடுகிறவரின் களைப்பு அவருக்கே தெரியாமல் வந்து உட்கார்ந்துவிடும். கவலை அதில்தான்.

கே: மகன் ஏர் பிஸ்டல் சுடுகிறான். முதல் 40 குண்டு பிரமாதம். கடைசி 20-ல் எட்டும் ஏழுமாக விழுகிறது. கவனம் போதவில்லை என்கிறார் கோச். நானும் திட்டிப் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம் ஐயா?
– ஒரு தந்தை, மதுரை

ப: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். அடுத்த முறை அவனுக்குப் பின்னால் நின்று, ஸ்கோரைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். 30-வது குண்டுக்கு மேல் என்ன மாறுகிறது? பாதம் அடிக்கடி இடம் மாறுகிறதா? எடை முழுவதும் ஒரு காலுக்குப் போகிறதா? முழங்கால் விறைக்கிறதா? கையை நீட்டும்போது இடுப்பு பின்னால் போகிறதா? தலை துப்பாக்கியைத் தேடி முன்னால் குனிகிறதா? ஆரம்பத்தில் ஆறேழு நொடியில் ட்ரிக்கரை அழுத்தியவன், இப்போது பன்னிரண்டு நொடி பிடித்துக்கொண்டு நிற்கிறானா? தப்பிய குண்டுகளில் நிறைய கீழ்ப்பக்கமாக விழுகின்றனவா? தோள் தசை ஓய்ந்தால் கை தாழும், குண்டும் தாழும்.

இதில் இரண்டு மூன்று பொருந்தினால், பையனுக்குக் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். அவன் களைத்திருக்கிறான். கவனமும் சிதறுவது உண்மைதான். ஆனால் அது பின்னால் வருவது. உடம்பு தள்ளாடும்போது அதை நிறுத்தி வைக்கவே கவனம் செலவாகிவிடுகிறது, குறிக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் பிஸ்டலை மேசையில் வைத்து, கையைத் தொங்கவிட்டு, தோளைத் தளர்த்தட்டும். இடையில் ஓரிரு முறை நாற்காலியில் உட்கார்ந்து எழட்டும். போட்டியிலும் அதற்குத் தடையில்லை. கோச்சிடமும் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். நல்ல கோச் நன்றி சொல்வார்.

கே: ஆடுவது என் கை. எல்லாரும் காலைக் கவனி என்கிறார்கள். கைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?
– பிஸ்டல் பழகும் மாணவி, கோவை

ப: அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கிறோம். யாருமே அப்படி நிற்பதில்லை. உள்ளங்கையில் நிறுத்திய கோலைப் போல, உடம்பு கணுக்காலின் மேல் எந்நேரமும் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. சாய்வைக் கண்டுபிடிக்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டும் தசையும் தரும் உணர்வு. குறி பார்க்கும்போது கண்ணைத் துப்பாக்கி முனையில் இருக்கும் முன்சைட்டுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள், சுற்றுப்புறம் மங்கிவிடுகிறது. மிச்ச வேலை மற்ற இரண்டின் தலையில் விழுகிறது.

இப்போது கெண்டைக்கால் தசை களைத்தால்? அது அனுப்பும் தகவல் மழுங்கும், திருத்தம் தாமதமாக வரும். தாமதமாக வருவதால் கொஞ்சம் கூடுதலாகவே திருத்திவிடும், உடனே மறுபக்கம் திருத்த வேண்டிவரும். ஊசலாட்டம் இப்படித்தான் பெரிதாகிறது. களைத்த தசையில் இயல்பான நடுக்கமும் கூடும். கணுக்காலில் ஆரம்பித்தது இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று ஏறி முன்சைட்டில் தெரியும்போது, கை ஆடுகிறது என்கிறோம்.

நம்பிக்கை வரவில்லையா? சுவரோரம் நின்று, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள், கெண்டைக்கால் எரியும் வரை. உடனே கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி நில்லுங்கள். விழாமலிருக்கச் சுவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கே: கொஞ்சம் ஆடினால் என்ன குடி முழுகிவிடும்?
– வங்கி ஊழியர், ஈரோடு

ப: எப்படி ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. பிஸ்டல் முழுவதுமாக, கோணம் மாறாமல் 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் 1 மில்லிமீட்டர்தான் தள்ளிப்போகும். ஏர் பிஸ்டலின் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர் அகலம், ஆகவே ஒன்றும் ஆகாது. ஆனால் மணிக்கட்டு துவண்டு, பின்சைட்டுக்கு நேராக இருக்க வேண்டிய முன்சைட் அதே 1 மில்லிமீட்டர் விலகினால் கதை வேறு. இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் இருந்தால், 10 மீட்டர் தூரத்தில் அது 30 மில்லிமீட்டராகப் பெருகும். நடுவில் விழ வேண்டியது ஏழில் விழும்.

இதனால்தான் அனுபவசாலிகள் கை மிதப்பதைப் பொருட்படுத்துவதில்லை, சைட் இரண்டும் ஒரே நேரில் இருப்பதை மட்டும் காக்கிறார்கள். களைத்தவர் தலைகீழாகச் செய்வார். மிதப்பை நிறுத்தப் பிடியை இறுக்குவார், இறுக்கியதில் மணிக்கட்டு திரும்பிவிடும்.

கே: ரைஃபிளைத் தூக்கியதும் குறி இடது பக்கம் போகிறது. கையால் இழுத்துப் பத்துக்குக் கொண்டுவருகிறேன். தொடக்கத்தில் சரியாக விழுகிறது, போகப் போக விலகுகிறது. ஏன்?
– புதிதாகச் சேர்ந்தவர், சேலம்

ப: இழுப்பது தசை. தசை களைத்தால் விட்டுவிடும். விட்டதும் துப்பாக்கி, உடம்பு முதலிலேயே விரும்பிய இடத்துக்குத் திரும்பிவிடும்.

வலது கைக்காரர் நின்று சுடும் நிலையைக் கவனியுங்கள். இடது இடுப்பு இலக்கை நோக்கித் தள்ளியிருக்கும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேலோ விலாவின் மேலோ உட்கார்ந்திருக்கும். ரைஃபிளின் எடை முன்கை எலும்பு வழியாக இடுப்புக்கும், இடுப்பிலிருந்து கால் எலும்புக்கும், அங்கிருந்து தரைக்கும் இறங்கும். எலும்பு களைக்காது. எடையை எலும்புக்குக் கொடுப்பதுதான் இந்த நிலையின் சூட்சுமம்.

இனி இப்படிச் செய்யுங்கள். நிலையெடுத்துக் குறி பாருங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறக்கும்போது சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பின் இயல்பான குறி. அது இடது பக்கம் இருந்தால் கையைத் தொடாதீர்கள். பாதங்களைச் சற்றே நகர்த்தித் திருப்புங்கள். மறுபடி கண்ணை மூடித் திறந்து பாருங்கள். சைட் தானாகவே பத்தில் வந்து நிற்கும் வரை இதைத் தொடருங்கள். பத்துக் குண்டுக்கு ஒரு முறை சரிபாருங்கள். களைக்கக் களைக்க இடுப்பு தளரும், இயல்பான குறியும் நகரும்.

கே: பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் ஒருவர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி சுட்டு வெள்ளி வாங்கினாரே, அது ஸ்டைலா?
– பள்ளி மாணவன், நாகர்கோவில்

ப: தொழில்நுட்பம், தம்பி. யூசுஃப் டிகேச் 2024-ல் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்புக் குழுப் பிரிவில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 51. அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். பிஸ்டலை ஒரு கையால்தான் சுட வேண்டும். சும்மா தொங்கும் கை ஆடினால் தோள் ஆடும், தோள் ஆடினால் குறி ஆடும். ஆகவே அந்தக் கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கட்டிப்போடுகிறார்கள். பிஸ்டல் வீரர்கள் பலரும் செய்வதுதான். ஐம்பதைக் கடந்தும் ஒருவர் நிற்கிறார் என்றால், வீணாக ஒரு தசையையும் வேலை வாங்காத நிலை அவருக்குப் பழகியிருக்கிறது என்று அர்த்தம்.

கே: என்.சி.சி. முகாமில் படுத்துச் சுடும்போது குண்டெல்லாம் ஒரே இடத்தில் விழுகிறது. நின்று சுட்டால் சிதறுகிறது. எனக்கு மட்டும்தானா?
– என்.சி.சி. மாணவி, தஞ்சாவூர்

ப: உலகச் சாம்பியன்களுக்கும் அப்படித்தான். பயத்லான் விளையாட்டின் விதிகளே இதற்குச் சாட்சி. பனியில் சறுக்கி வந்து 50 மீட்டர் தூரத்தில் சுடும் போட்டி அது. படுத்துச் சுடும்போது எண்ணிக்கையில் சேர வேண்டிய வட்டம் 45 மில்லிமீட்டர். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். நிற்பவருக்கு இரண்டரை மடங்கு அகலமான வட்டத்தை விதியே கொடுத்துவிட்டது.

படுத்தால் வயிறும் இரண்டு முழங்கைகளும் தரையில் இருக்கின்றன, எடையை ஸ்லிங் பட்டை தாங்குகிறது. விழ இடமே இல்லை. நின்றால் இரண்டு பாதங்கள்தான். அதிலும் முகாமில் காலையிலிருந்து பரேடு நடந்துவிட்டு வந்து நிற்பீர்கள். வாய்ப்பு கிடைத்தால் ஒரு நாள் பரேடுக்கு முன்னால் நின்று சுட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கே: அந்தப் பயத்லான் வீரர்கள் மூச்சிரைக்க வந்து எப்படித்தான் சுடுகிறார்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ப: இந்த விளையாட்டின் அழகே அதுதான் ஐயா. குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்து வருகிறார்கள். ரேஞ்சை நெருங்கும்போது இதயம் நிமிடத்துக்கு 170, 180 என்று அடிக்கும். ஐந்து இலக்கு, ஐந்து குண்டு. தப்பினால் பெரும்பாலான போட்டிகளில் குண்டுக்கு 150 மீட்டர் தண்டனைச் சுற்று, அதாவது களைத்த காலுக்கு மேலும் களைப்பு.

கடும் உழைப்புக்குப் பிறகு படுத்துச் சுடுவது அவ்வளவாகக் கெடுவதில்லை, நின்று சுடுவதுதான் கெடுகிறது என்று இந்த வீரர்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதயத் துடிப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பது இதிலிருந்து புரிகிறது. துடிப்பு இரண்டு நிலையிலும் வேகம்தான். கூடுதலாகக் கெடுப்பவை நடுங்கும் காலும் ஏறி இறங்கும் மார்பும்.

அவர்கள் செய்வது மூன்று. ரேஞ்சுக்குச் சற்று முன்பே வேகத்தைக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மூச்சு என்று தாளம் வைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, களைத்த உடம்போடேயே பழகுகிறார்கள். புத்துணர்ச்சியில் மட்டும் பழகியது களைப்பில் கைகொடுக்காது.

கே: மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு சுடு என்கிறார் சீனியர். சரியா?
– கல்லூரி மாணவி, வேலூர்

ப: இல்லை. நிறைய இழுத்து அடக்கினால் மார்பு விறைக்கும், தோள் உயரும். இயல்பாக மூச்சு விடுங்கள். வெளியே விட்டதற்கும் அடுத்து இழுப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன ஓய்வு இருக்கிறது, அதை ஆறேழு நொடி நீட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் குண்டு போகவில்லை என்றால் துப்பாக்கியை இறக்குங்கள். அதற்கு மேல் நீட்டினால் கண் மங்கும், தசை நடுங்கும். களைத்த நாளில் இந்த நேரம் இன்னும் சுருங்கும்.

கே: ரைஃபிள்காரர்களின் ஜாக்கெட்டே அவர்களை நிமிர்த்தி நிறுத்துகிறதாமே. பிறகு உடற்பயிற்சி எதற்கு?
– தையற்கலைஞர், திருப்பூர்

ப: உங்கள் தொழில் கண்ணுக்கு அது சரியாகப் பட்டிருக்கிறது. கெட்டியான கான்வாஸும் தோலும் முதுகுக்கு முட்டுக் கொடுக்கின்றன. அதனால்தான் தடிமனுக்கும் விறைப்புக்கும் வரம்பு வைத்து, போட்டிக்கு முன்னால் அளந்து பார்க்கிறார்கள். ஆனால் ஜாக்கெட்டின் உதவி முதுகோடு சரி. கணுக்காலும் இடுப்பும் சொந்தமாக உழைத்தாக வேண்டும். பிஸ்டலில் அந்த ஜாக்கெட்டுக்கும் இடமில்லை. ஷூகூடக் கணுக்கால் எலும்பை மூடக் கூடாது, மணிக்கட்டில் எந்தத் தாங்கலும் கூடாது. இந்த விளையாட்டு எதைச் சோதிக்கிறது என்று இதிலேயே தெரிகிறதல்லவா?

கே: அப்படியானால் என்ன உடற்பயிற்சி செய்யலாம்?
– மாவட்ட அளவில் சுடுபவர், தூத்துக்குடி

ப: பெரிய புஜம் தேவையில்லை. மெதுவோட்டமோ சைக்கிளோ வாரத்தில் மூன்று நான்கு நாள், ஓய்வு நேர இதயத் துடிப்பு இறங்கும். குதிகால் உயர்த்தல், ஒற்றைக் காலில் நிற்றல், பழகியபின் அதையே கண்ணை மூடிக்கொண்டு. வயிறு, முதுகு, இடுப்புக்குப் பிளாங்க். குண்டு போடாமல் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கும் ஹோல்டிங் பயிற்சி, நடுக்கம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நடுங்க நடுங்கப் பிடித்தால் நடுக்கத்தைத்தான் பழகுவீர்கள்.

வரிசையும் முக்கியம். நுணுக்கம் பழகும் நேரத்தில் உடம்பு தெம்பாக இருக்கட்டும், ஜிம்மை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே களைத்துச் சுடும் பயிற்சி எப்போதாவது போதும். போட்டிக்கு முந்தைய நாள் கனமான பயிற்சி வேண்டாம், தூக்கம் வேண்டும்.

கே: போட்டிக்கு முன் காபி?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

ப: கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். தினமும் குடிப்பவர் வழக்கமான அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். பழக்கமில்லாதவர் அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம், கைநடுக்கம் கூடும். தண்ணீரை மட்டும் இடையிடையே மறக்காமல் குடியுங்கள். வியர்த்து வற்றிய உடம்பு சீக்கிரம் தள்ளாடும்.

கே: நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கிறதாமே?
– ஒரு வாசகர், கரூர்

ப: இருக்கிறது, தடையும் இருக்கிறது. பீட்டா பிளாக்கர் என்ற வகை இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் அடக்கும். துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும் அதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு இந்த வகை மருந்தால் ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் இழந்தார். வேறு நோய்க்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடமும் சங்கத்திடமும் பேசுங்கள்.

கே: சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடுபவருக்குக் கால் களைப்பு இல்லை. அது எளிதுதானே?
– பொறியாளர், ஓசூர்

ப: இல்லவே இல்லை. அவனி லேகரா சிறு வயதில் கார் விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு பாராலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றவர். அந்தப் பிரிவில் முழங்கையை மேசையில் ஊன்றக் கூடாது. கால் தரும் சமநிலை இல்லாதபோது ரைஃபிளின் எடையை உடற்பகுதியே ஈடுகட்ட வேண்டும், அங்கும் தசையின் வலு குறைந்திருந்தால் வேலை இரட்டிப்பு. களைப்பு அவர்களுக்கும் உண்டு, வரும் இடம்தான் வேறு.

கே: நிற்கும் தரைகூடவா ஆட்டத்தைக் கெடுக்கும்?
– கட்டடத் தொழிலாளி, விழுப்புரம்

ப: தரை போடுகிற உங்களுக்குத் தெரியாததா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் ஏர் ரைஃபிள் வீரர் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றில் ஏழாவதாக முடித்தார். காலடியில் தரை ஓடு சரியாகப் பதியாமல் இருந்ததைப் பற்றிப் பின்னாளில் பேசியிருக்கிறார். நான்கே ஆண்டுகளில் பெய்ஜிங்கில் தங்கம், கடைசிக் குண்டு 10.8. பாதத்தின் கீழே நடப்பதை அந்த அளவுக்கு உணர்கிற விளையாட்டு இது.

கே: 13 வயது மகள் ரைஃபிள் பழகுகிறாள். சில நாளாக இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் வலிக்கிறது என்கிறாள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். விடலாமா?
– ஒரு தாய், சென்னை

ப: அப்படியே விடாதீர்கள் அம்மா. வளரும் முதுகை ஒரே பக்கமாக வளைத்து, முறுக்கி, எடையும் ஏற்றுகிறோம். பயிற்சி முடிந்த அசதி மறுநாள் போய்விட வேண்டும். தொடர்ந்து வலித்தால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். அதுவரை நின்று சுடுவதை நிறுத்திவையுங்கள். பிறகு நேரத்தைக் குறைத்து நிறைய இடைவெளி விட்டுப் பழகச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கம் வளையும் பயிற்சியையும் சேருங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளும் குழந்தையைப் பாராட்டாதீர்கள், வலிக்கிறது என்று சொல்லும் குழந்தையைப் பாராட்டுங்கள். இன்னொன்றும் உண்டு: களைத்த கை துப்பாக்கியின் வாயை எங்கே காட்டுகிறது என்பதை மறக்கும். பாதுகாப்புக்காகவும் களைப்பில் பயிற்சியை நீட்டக் கூடாது.

கே: இத்தனையையும் என்னால் நினைவில் வைக்க முடியாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– அடுத்த மாதம் முதல் போட்டி ஆடுபவர், திண்டுக்கல்

ப: இறக்கப் பழகுங்கள். 75 நிமிடத்தில் 60 குண்டு என்றால் குண்டுக்கு 75 நொடி. தூக்கிக் குறி பார்த்துச் சுடக் கால் நிமிடம் போதும், மிச்சமெல்லாம் ஓய்வெடுக்கக் கொடுத்த நேரம். கால் கனக்கிறது, குறி நிலைகொள்ளவில்லை, பிடித்துக்கொண்டே நிற்கிறோம் என்று பட்டதும் ட்ரிக்கரிலிருந்து விரலை எடுத்து, துப்பாக்கியை இறக்கி, பாதத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். சுடாமல் இறக்கிய துப்பாக்கிக்கு யாரும் பாயிண்ட் குறைப்பதில்லை.